சென்ட்ரல் பார்க்கில் வழி சொல்லப் போகிறீர்களா?

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் தகவல் மையத்தில் தன்னார்வலராக நிற்கப் போகிறவர்கள், வரைபடத்துக்கும் முன்னால் விளக்குக் கம்பங்களைப் படிக்கப் பழகுங்கள். கம்பத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். நூறாம் தெருவுக்குத் தெற்கே, முதல் இரண்டு இலக்கங்கள் அருகிலுள்ள தெருவைக் குறிக்கும். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் பூங்காவின் மேற்குப் பக்கம், இரட்டைப்படை என்றால் கிழக்கு. 7235 என்றால் 72-ஆம் தெரு, மேற்கு. 843 ஏக்கர் பூங்காவில் வழி தவறியவருக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது. வருகிற எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அடிக்கடி வரும் கேள்வி கழிப்பறை எங்கே என்பதுதான். எவை திறந்திருக்கின்றன என்று வேலை தொடங்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கூச்சத்தோடு கேட்பவரைக் காக்க வைக்கக் கூடாது.

வழி சொல்லும்போது வரைபடத்தை அவர் பக்கம் திருப்பி, நிற்கும் இடத்தில் பேனாவால் வட்டமிடுங்கள். பெத்தெஸ்டா நீரூற்றைக் கேட்பவரிடம் தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால், மேல்தளத்திலிருந்து இறங்கும் படிக்கட்டைத் தவிர்த்து, சுற்றிப் போகும் பாதையைக் காட்டுங்கள்.

குழந்தை தனியாக வந்து நின்றால் கூட்டிக்கொண்டு தேடப் போகாதீர்கள். அங்கேயே உட்கார வைத்து, 911-ஐ அழையுங்கள்.