யோகாசிரியர் பயின்ற வழி

ஐக்கிய நாடுகள் சபை 2014 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே யூன் 21 ஆந் திகதியை யோக தினமாக வகுத்தது. 2015 முதல் அந்நாள் கொண்டாடப்பட்டு வருகின்றது. அது தொட்டு, அந்நாள் அணுகும்போது பாடசாலையிலுள்ள ஆசிரியர் ஒருவரை நோக்கி, "பிள்ளைகளுக்கு நாலு ஆசனம் பழக்கிவிடும்" என்று ஏவுதல் எளிதாயிற்று. ஏவப்படுபவர் சமயபாட ஆசிரியராயின், யோகம் சமயத்தைச் சார்ந்தது ஆகலின் அவரே தக்கார் என்பர். உடற்பயிற்சி ஆசிரியராயின், யோகம் உடலைச் சார்ந்தது ஆகலின் அவரே தக்கார் என்பர். அவர் அதனை யாரிடத்திலே, எத்துணைக் காலம், எவ்வாறு பயின்றார் என வினாவுவோர் மிக அரியர். கணிதம் அறியாதவரைக் கணிதம் கற்பிக்க விடாத நாம், வளரும் பிள்ளையின் கழுத்தையும் முதுகெலும்பையும் மூச்சையும் பிறர் கையில் ஒப்படைக்கும்போது மாத்திரம் இவ்வினாவை விட்டுவிடுதல் என்னை? ஆதலின், யோகம் பயிற்றுவதிலே முதிர்ந்தோர் எனப் பெயர்பெற்ற சிலர் எந்நிலையிலிருந்து வந்து எவ்வாறு பயின்றனர் என்பதை ஈண்டு ஆராயத் தொடங்குகின்றோம்.

சென்ற நூற்றாண்டிலே ஆசனப் பயிற்சி உலகெங்கும் பரவியதற்கு ஒரு பெருங் காரணராய் இருந்தவர் திருமலை கிருஷ்ணமாசாரியார். இவர் 1888 ஆம் ஆண்டு கன்னட நாட்டிலே சித்திரதுர்க்கப் பகுதியிலுள்ள முசுகுந்தபுரத்திலே பிறந்தவர். வைணவர், நாதமுனிகள் மரபினர் எனத் தம்மைக் கூறுபவர். பயிற்றும் முறையை ஆராய்கின்ற நமக்கு அது தடையாகாது. முதலாசிரியர் இவர் தந்தையாரே. தந்தையாரை இளமையிலே இழந்தபின் மைசூரிலும் காசியிலும் வடமொழியும் தரிசனங்களும் கற்றார். மானசரோவர ஏரியின் பக்கத்திலே இராமமோகன பிரமசாரி என்னும் குருவோடு ஏழரை ஆண்டு உறைந்து யோகம் பயின்றதாக இவர் கூறினர். ஆண்டுக் கணக்குப் பொருந்தவில்லை என்று ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுவர். அஃது எவ்வாறாயினும், இத்துணைக் கல்வி பெற்று மீண்டவர் கோப்பித் தோட்டமொன்றிலே மேற்பார்வையாளராய்ச் சீவனம் நடத்த நேர்ந்தது என்பது கருதற்பாலது. அக்காலத்திலே யோகம் சோறு போடும் தொழிலன்று.

1930 களின் தொடக்கத்திலே மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் இவரை ஆதரித்தார். 1933 இல் ஜகன்மோகன அரண்மனையிலே யோகசாலை அமைந்தது. அங்கே பயின்றோருட் பெரும்பாலார் அரசகுடும்பத்தையும் அதனைச் சார்ந்தோரையும் சேர்ந்த சிறுவர்கள்; ஓடியாடும் பருவத்தினர். அவர்க்கு ஏற்றவாறு ஓர் ஆசனத்திலிருந்து மற்றோராசனத்துக்கு விரைந்து தாவும் கடும்பயிற்சியை இவர் வகுத்தார். கண்டிப்பும் மிகுதி. பின்னர்ச் சென்னையிலே முதுமையில் இருந்தபோதோ, ஒருவரைத் தனியே இருத்தி, அவருடைய வயது, நோய், தொழில், மூச்சின் அளவு ஆகியவற்றை நோக்கி அவரவர்க்கு வேறு வேறாகப் பயிற்றினார். இவர் மகனார் தேசிகாசாரியார் பொறியியல் கற்றவர். தந்தையாரிடம் இப்பிந்திய முறையையே பயின்று, 1976 இல் சென்னையிலே கிருஷ்ணமாசாரியார் யோக மந்திரத்தை நிறுவினார். நூறு வயது நிரம்பி 1989 இல் இறந்த ஓராசிரியர் தம் முறையைத் தாமே மாற்றிக்கொண்டே வந்தார் என்பதை ஆசிரியத் தொழில் செய்யும் நாம் கவனிக்க வேண்டும். முதலில் அவரிடம் கற்றாரும் பின்னர்க் கற்றாரும் இருவேறு குருக்களிடம் கற்றாரைப் போலத் தோன்றுவர்.

முதலிற் கற்றாருள் ஒருவர் பெல்லூர் கிருஷ்ணமாசார் சுந்தரராஜ ஐயங்கார். இவர் வரலாறு சிறிது விரித்துரைக்கத் தக்கது. 1918 ஆம் ஆண்டு விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவிய காலத்திலே, பாடசாலையாசிரியர் ஒருவருடைய பதின்மூன்று மக்களுள் பதினோராம் பிள்ளையாய்ப் பிறந்தார். ஒன்பது வயதிலே தந்தையை இழந்தார். மலேரியாவும் நெருப்புக்காய்ச்சலும் காசமும் அடுத்தடுத்து வருத்த, மெலிந்த உடலினராய் இருந்தார். தமக்கையாரை மணந்தவர் கிருஷ்ணமாசாரியார் ஆதலின், 1934 இல் பதினைந்து வயதிலே மைசூருக்கு அழைக்கப்பட்டார். அங்கே குருவானவர் தம்மை நேரே இருத்திப் பாடஞ் சொல்லிய நாட்கள் மிகச் சிலவே என்று இவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். ஒருமுறை, முன்னர்ப் பயிற்றாத ஹனுமானாசனத்தைச் சபையின் முன்னே செய்து காட்டுமாறு குரு பணித்தனர் என்றும், செய்தமையாலே தொடைநரம்பு கிழிந்து நெடுங்காலம் வருந்தினதாகவும் இவர் சொல்லியிருக்கின்றார். இத்தகைய கற்பித்தலைக் குருபக்தியின் பெயராலே புகழ்வார் உளர். நாம் புகழோம். பயிற்றாததைச் செய்யென்று ஏவுதல் எப்பாடத்திலும் குற்றமே.

1937 இல், பதினெட்டு வயதிலே, இவர் புனாவிலுள்ள டெக்கான் ஜிம்கானாவிலே ஆறு மாதம் பயிற்றுமாறு அனுப்பப்பட்டார். மராத்தி மொழி தெரியாது. ஆங்கிலம் சிறிதே தெரியும். மாணாக்கரோ கல்லூரிகளிலே படிப்போர், இவரினும் வயதிலும் உடல்வலியிலும் மிக்கோர். பயின்ற காலம் மூன்றாண்டிலுங் குறைவு; வினாக்களுக்கு விடை கேட்கக் குருவும் அருகில் இல்லை. இந்நிலையிலே இவர் செய்தது யாது? தம் உடலையே நூலாகக் கொண்டார். நாடோறும் பல மணித்தியாலம் தனியே பயின்று, கால்விரலை இவ்வாறு திருப்பினால் முழங்காலில் என்ன நிகழ்கின்றது, தோளை இவ்வாறு ஏற்றினால் மூச்சு எங்கே தடைப்படுகின்றது என ஒவ்வொன்றாகச் சோதித்தார். நோயாளரும் முதியோரும் வந்தபோது, அவர் உடல் ஆசனத்துக்கு வளையாது என்று திருப்பி அனுப்பாமல், கதிரை, கயிறு, மரக்கட்டை, வார் முதலியவற்றைத் துணையாக்கி ஆசனத்தை அவர்க்கு ஏற்ப அமைத்தார். 1952 இல் பம்பாயிலே வயலின் வித்துவானாகிய யெகூதி மெனுஹினைச் சந்தித்தமையும், 1954 இல் ஐரோப்பா சென்றமையும் யாவரும் அறிந்தன. இருநூறு ஆசனங்களை விளக்கும் பெருநூலை இவர் வெளியிட்டது 1966 இல்; அஃதாவது பயிற்றத் தொடங்கி இருபத்தொன்பது ஆண்டு கழிந்தபின். புனாவிலே தமக்கென ஒரு நிலையத்தைத் திறந்தது 1975 இல். 2014 இல் தொண்ணூற்றைந்து வயதிலே இறக்கும் வரையும் தாமே பயிலுதலை விட்டாரல்லர்.

இதனை நாம் விரித்தது ஒரு காரணம் பற்றி. பயிற்சிக் காலத்தின் நீளமே ஆசிரியரை ஆக்கும் என்பார்க்கு ஐயங்கார் வரலாறு மறுப்பாகும். குறுகிய பயிற்சியே போதும் என்பார்க்கும் அதுவே மறுப்பாகும். அவர் பெற்ற குறுகிய பயிற்சி அவரைக் காயப்படுத்தியது, பின் வந்த நெடும்பயிற்சியே அவரை ஆசிரியராக்கியது. பயிற்றத் தொடங்கிய நாளன்று அவர் கையிலிருந்தது தொடக்கமே என்பதை அவர் அறிந்திருந்தார். இவ்வறிவு இல்லாதவரிடத்திலே பத்தாண்டுப் பயிற்சியும் பயன் தராது.

மைசூர்ச் சாலைக்கு வந்தோருள் இந்திராதேவி என்பவர் ரீகா நகரிலே 1899 இல் பிறந்த ஐரோப்பியப் பெண்மணி, நடிகை. பெண்ணையும் பிறநாட்டாரையும் ஏற்க மறுத்த கிருஷ்ணமாசாரியார் மன்னர் சொல்லாலே ஏற்றார். இவர் ஷங்காயிலும், 1947 முதல் ஹொலிவூட்டிலும் பயிற்றினார்.

நம் தொழிலோடு நெருங்கிய வரலாறு சுவாமி குவலயானந்தருடையது. 1883 இல் கூர்ச்சர நாட்டிலே பிறந்த இவர் பிள்ளைத்திருநாமம் ஜகந்நாத கணேச குணே. பரோடாவிலே மாணிக்கராவ் என்பாரிடம் நம் நாட்டு உடற்பயிற்சியை மூன்றாண்டு பயின்றார். பின்னர் அமல்னேரிலே கல்விப் பணி புரிந்தார். 1919 இல் மால்சர் என்னும் ஊரிலே மாதவதாசர் என்னும் யோகியாரை அடைந்தார். குரு சொன்னதை ஏற்றுக்கொண்டபின்னும், "உடலிலே மெய்யாக நிகழ்வது யாது?" என்று வினாவிய ஆசிரியர் இவர். 1924 இல் லோனாவ்லாவிலே கைவல்யதாமத்தை நிறுவி, எக்ஸ் கதிர் முதலிய கருவிகளைக் கொண்டு ஆசன பிராணாயாமங்களைச் சோதித்து, முடிவுகளை யோக மீமாம்சை என்னும் சஞ்சிகையிலே அவ்வாண்டு முதலே வெளியிட்டார். 1951 இல் யோகாசிரியரைப் பயிற்றும் கல்லூரியொன்றையும் தொடங்கினார். பாடசாலைக்கு ஏற்ற யோகம் யாது என்று ஆராய்ந்தோருள் இவர் முற்பட்டவர். பாடசாலையிலே நாற்பது பிள்ளைகளை ஒருங்கே நிறுத்தி நடத்துவதன் இயல்பு குகையிலிருந்து வந்தார்க்கு விளங்காது. வகுப்பறையிலிருந்து வந்தார்க்கு விளங்கும்.

பத்தமடையிலே 1887 இல் அப்பைய தீட்சிதர் மரபிலே தோன்றிய சுவாமி சிவானந்தர் மருத்துவர். 1913 முதல் பத்தாண்டு மலாயாவிலே இறப்பர்த் தோட்ட மருத்துவமனையிற் பணிபுரிந்து, 1924 இல் ரிஷிகேசத்திலே சந்நியாசம் பெற்றார். துறந்தபின்னும் மருந்துப் பெட்டியைத் துறந்திலர். யாத்திரிகர்க்கு மருந்து கொடுத்துக்கொண்டே தவஞ் செய்தார். 1936 இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தையும், 1948 இல் யோக வேதாந்தம் பயிற்றும் வனக் கழகத்தையும் நிறுவினார். 1950 இல் இலங்கைக்கும் எழுந்தருளினார். அவரிடம் 1949 இல் சந்நியாசம் பெற்ற கொங்குநாட்டுச் சச்சிதானந்த சுவாமிகள் 1953 இல் இங்கே அனுப்பப்பட்டு, 1966 இல் நியூ யோர்க் செல்லும் வரையும் நம் தீவிலே பணி செய்தார். 1969 இல் அமெரிக்காவிலே வூட்ஸ்டொக் இசைவிழாவிலே இலட்சக்கணக்கான இளைஞர் முன்னே பேசியவர் இவரே. பன்னீராண்டுக்கு மேல் இலங்கையிலே பயிற்றிய பழக்கம் அவர்க்கு அங்கே உதவியிராது என்று சொல்லல் இயலுமோ?

இனி இக்கால வழக்கிற்கு வருவோம். 1999 இல் அமெரிக்காவிலே அமைந்த யோகா அலையன்ஸ் என்னும் சங்கம் 200 மணித்தியாலப் பயிற்சியை அடிப்படை அளவாக வகுத்தது. இவ்வளவே இன்று உலகெங்கும் பேசப்படுவது. நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலமாகக் கணக்கிட்டால் நாற்பது நாளிலே அது முடியும். அச்சங்கமே ஒருவரை "அனுபவம் மிக்கவர்" என்று குறிக்க, பயிற்சி முடித்தபின் ஈராண்டு கழிதலையும் 1000 மணித்தியாலம் பயிற்றியிருத்தலையும் வேண்டும். ஆகவே தராதரப்பத்திரம் வேறு, அனுபவம் வேறு என்பது அதனை வழங்குவோர்க்கும் உடன்பாடே. நம்மிற் பலர் கல்வியியற் கல்லூரியிலே ஈராண்டு கற்று, ஓராண்டு பாடசாலையொன்றிலே பிறர் மேற்பார்வையிற் பயின்ற பின்னரே ஆசிரியராயினோம். நாற்பது நாட் பயிற்சியை நாம் இகழ்கின்றிலோம். அதனோடு ஒருவரைத் தனியே விடுதலையே மறுக்கின்றோம். அவரை நோக்குவதற்கு மூத்தவர் ஒருவர் வேண்டும்.

பயிற்சியும் அனுபவமும் நிரம்பியிருத்தலே போதுமோ எனின், போதாது. மைசூரிலே 1948 இல் யோகசாலை நிறுவி, அறுபதாண்டளவு பயிற்றிய பட்டாபி ஜோயிசு என்பவர் பன்னிரண்டு வயது முதற் கிருஷ்ணமாசாரியாரிடம் பயின்றவர். வடமொழிக் கல்லூரியிலும் கற்பித்தவர். 2009 இல் அவர் இறந்தபின், ஆசனந் திருத்துவதாகக் கூறித் தம்மைத் தகாத முறையிலே தொட்டார் என்று பெண் மாணாக்கர் பலர் வெளிப்படையாகக் கூறினர். 2019 இல் அவர் பேரனார் அதன் பொருட்டு வருந்தி மன்னிப்பு வேண்டினார். இதனை மறைத்து எழுதுவது ஆசிரியர்க்கு எழுதும் கட்டுரைக்கு அழகன்று. திருமூலநாயனார் மூன்றாந் தந்திரத்திலே எட்டு அங்கங்களைக் கூறுமிடத்தும், பதஞ்சலியார் சூத்திரத்திலே கூறுமிடத்தும், இயமமும் நியமமும் முன் நிற்க ஆசனம் மூன்றாவதாகவே நிற்கின்றது. இவ்வரிசையை மனப்பாடஞ் செய்விக்கும் நாம், ஆசிரியரைத் தெரியும்போது அதனைத் தலைகீழாக்கி, யார் உடல் மிக வளைகின்றது என்று முதலிற் பார்க்கின்றோம்.

ஆகவே, பாடசாலைக்கு யோகாசிரியர் ஒருவரை அழைக்குமுன் அதிபரும் ஆசிரியரும் வினாவ வேண்டியவை சில. இவர் யாரிடத்துப் பயின்றார். இன்றும் தாம் நாடோறும் பயில்கின்றாரா. ஐயம் வந்தால் யாரைக் கேட்பார். ஈளை நோயுள்ள பிள்ளையும் முழங்கால் நோவுள்ள பிள்ளையும் வகுப்பில் இருந்தால் என் செய்வார்? "எல்லாருக்கும் ஒன்றே" என்று விடை வருமாயின், அவரை அனுப்பிவிடலாம். பிள்ளைகளைக் கையாலே தொட்டுத் திருத்தாது, சொல்லாலும் செய்து காட்டலாலுமே திருத்துவதாக உடன்படல் வேண்டும். வேறோர் ஆசிரியரும் உடன் நிற்றல் வேண்டும்.

வெளியாசிரியர் கிடையாத இடத்திலே நம்மவர் தாமே நடத்த வேண்டி வரின், சிரசாசனத்தையும் சர்வாங்காசனத்தையும் மூச்சை அடக்கும் கும்பகத்தையும் முற்றாக விட்டுவிடுக. நேரே நிற்றல், நேரே இருத்தல், கைகளை உயர்த்தி இயல்பாக மூச்சு விடுதல், படுத்து அமைதியாயிருத்தல் ஆகிய இவையே தொடக்கத்துக்கு மிகப் போதுமானவை. இவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் ஆறு மாதமாயினும் தாம் வீட்டிலே, உணவுக்கு முன்னர், நாடோறும் செய்து பார்க்க. விழா நாளிலே மேடையிற் காட்டுதற்கு ஏதேனும் கடினமான ஆசனம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கேட்பாராயின், பிள்ளைகள் ஐந்து நிமிடம் அசையாது நிமிர்ந்து இருத்தலையே காட்டலாம். அது கடினமோ எளிதோ என்பதைக் கேட்டவர் தாமும் இருந்து பார்த்து அறியலாம்.