பழைய எச்.எம்.டி.க்குப் புது ஸ்ட்ராப்

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961-இல் பெங்களூரு ஜாலஹள்ளியில் வாட்ச் செய்யத் தொடங்கியது எச்.எம்.டி. 2016-இல் அந்த வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. ஆனால் அதன் ஜனதா, பைலட் மாடல்கள் இன்னும் எத்தனையோ வீட்டு பீரோக்களில் இருக்கின்றன. சாவி கொடுத்தால் பல ஓடவும் செய்யும்; ஸ்ட்ராப் மட்டும் வியர்வையில் ஊறி இற்றுப்போயிருக்கும். அதை மாற்ற அரை மணி நேரம் போதும்.

முதலில் அளவு. ஸ்ட்ராப் நுழையும் இரண்டு கொம்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை உட்புறமாக அளக்க வேண்டும். பழைய ஸ்ட்ராப்பை அளந்து ஏமாற வேண்டாம். அது நசுங்கியிருக்கலாம், முன்பு யாரோ தவறான அளவில் போட்டதாகவும் இருக்கலாம். இந்தப் பழைய ஆண்கள் வாட்ச்சுகளில் 18 மி.மீ. அளவுதான் அதிகம் காணப்படும். என்றாலும் அளக்காமல் வாங்காதீர்கள்.

ஸ்ட்ராப் வாங்கும்போதே அதைக் கொம்புகளோடு பிணைக்கும் ஸ்பிரிங் பாரும் அதே அளவில் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். இதில் சிக்கனம் கூடாது. வாட்ச் கையிலிருந்து நழுவி விழுவது பெரும்பாலும் ஸ்ட்ராப் அறுந்து அல்ல, துருப்பிடித்த பார் விட்டுப்போய்த்தான். பாரைக் கழற்றும் கருவியும் விலை குறைவுதான். கத்தி, ஊக்கு எதுவும் வேண்டாம். வழுக்கினால் குரோம் பூச்சில் விழும் கீறல் போகவே போகாது.

மேசையில் துண்டை விரித்து வாட்ச்சைக் கவிழ்த்து வையுங்கள். கொம்புகளின் உட்புறத்திலும் பின்புறத்திலும் செல்லோடேப் ஒட்டுங்கள். கருவியின் கவட்டை முனையை ஸ்ட்ராப்புக்கும் கொம்புக்கும் நடுவே நுழைத்து, பாரின் விளிம்பைப் பிடித்து உள்நோக்கி அழுத்தினால் ஒரு பக்கம் விடுபடும். பார் தெறித்து ஓடும் என்ற பயமிருந்தால், வாட்ச்சையும் கைகளையும் கண்ணாடி போன்ற ஒரு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து வேலை செய்யலாம். அழுத்தியும் அசையாத பார் பற்றவைத்ததாக இருக்கலாம். அதை நெம்பாதீர்கள், அடியில் நுழைத்துக் கட்டும் துணி ஸ்ட்ராப் போதும்.

காலியான கொம்புகளின் துளைகளில் அழுக்கு அடைத்திருக்கும். பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள்.

பக்கிள் உள்ள துண்டு 12 மணிப் பக்கம், துளையுள்ள நீளத் துண்டு 6 மணிப் பக்கம். பாரின் ஒரு முனையைத் துளையில் வைத்து, மறுமுனையை அழுத்தியபடி நகர்த்தினால் ‘டிக்’ என்று உட்காரும். சத்தத்தை மட்டும் நம்பாமல் இரு பக்கமும் நன்றாக இழுத்துப் பாருங்கள். இந்தச் சோதனையை மெத்தைக்கு மேலே செய்வது நல்லது.

ஸ்டீல் செயின் என்றால் நீளத்தையும் குறைக்க வேண்டியிருக்கும். உள்பக்கம் அம்புக்குறி இருந்தால் பின்னை அது காட்டும் திசையில் தள்ளி எடுத்து, திரும்பப் போடும்போது எதிர்த்திசையில் செலுத்துங்கள். பூட்டு மணிக்கட்டின் நடுவில் வரும்படி இருபுறமும் சமமாக லிங்க் எடுப்பது முக்கியம். எடுத்த லிங்க்குகளைப் பின்களோடு சேர்த்து வாட்ச் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.