சார்பதிவாளர் வீட்டுக்கு வருவாரா?

அப்பாவுக்கு 82 வயது. இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். வீட்டை என் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிவைக்கச் சொல்கிறார். நோட்டரி வக்கீலை வீட்டுக்கு வரவழைத்துக் கையெழுத்து வாங்கினால் போதுமா?

– ஒரு வாசகி, திருநெல்வேலி

போதாதம்மா. பிரமாணப் பத்திரம் மாதிரியான காகிதங்களுக்கு நோட்டரி முத்திரை போதும். வீடு கைமாற வேண்டுமென்றால் பத்திரப்பதிவு கட்டாயம். அது இல்லாமல் எத்தனை முத்திரை குத்தினாலும் வீடு அப்பா பெயரில்தான் இருக்கும்.

அதற்காக அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டாம். நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே சார்பதிவாளர் வந்து பதிவு செய்ய 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது (பிரிவுகள் 31, 38). வீடு அமைந்துள்ள எல்லைக்குரிய சார்பதிவாளரிடம் மருத்துவச் சான்றிதழை இணைத்து மனுக் கொடுங்கள். வீட்டுக்கு வருவதற்கான தனிக் கட்டணத்தையும் கட்ட வேண்டியிருக்கும். அப்பா கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அதிகாரி வரும் நாளில் அசல் அடையாள அட்டைகளும் இரண்டு சாட்சிகளும் தயாராக இருக்கட்டும். முக்கியமாக, அப்பா தெளிவாகப் பேசும் வேளையாகப் பார்த்து நேரம் கேளுங்கள். தூக்க மருந்து கொடுத்த கையோடு வேண்டவே வேண்டாம். 'மனமொப்பித்தான் எழுதிக்கொடுக்கிறீர்களா?' என்று அதிகாரி கேட்டால் அவரே பதில் சொல்லட்டும். நீங்கள் குறுக்கே எடுத்துக்கொடுக்காதீர்கள். கை நடுங்கிக் கையெழுத்துக் கோணினாலும் கவலை வேண்டாம், பதிவின்போது விரல்ரேகையும் எடுப்பார்கள்.

உடன்பிறந்தவர்கள் இருந்தால் அன்றைக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். அப்பா சொல்வதை அவர் வாயாலேயே அவர்களும் கேட்கட்டும்.