ஸ்பினோசாவைப் படிக்க எங்கே தொடங்குவது?

ஸ்பினோசாவின் ‘எதிக்ஸ்’ நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கிய பலர் சீக்கிரமே மூடிவைத்துவிடுகிறார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. 1677இல் அவர் இறந்த பிறகு வெளியான அந்த நூல், யூக்ளிடின் வடிவியல் போல வரையறை, அடிகோள், தேற்றம், நிரூபணம் என்று போகிறது. மொத்தம் 259 தேற்றங்கள்!

ஆகவே, முதல் பாகத்தின் பின்னிணைப்பில் தொடங்குங்கள். சில பக்கங்கள்தான், நிரூபணங்கள் இல்லை. கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவர் சாகிறார். காற்று ஏன் அடித்தது, அவர் ஏன் அந்த நேரத்தில் அந்த வழியே போனார் என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் ‘கடவுளின் சித்தம்’ என்று முடித்துவிடும் பழக்கத்தை ஸ்பினோசா அங்கே தகர்க்கிறார். அவருடைய கடவுள் நோக்கம் வைத்துச் செயல்படும் அரசர் அல்லர் என்பது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்து மூன்றாம் பாகத்தின் கடைசிக்குத் தாவுங்கள். அங்கே உணர்ச்சிகளுக்கான 48 வரையறைகள் உள்ளன. நாளுக்கு ஒன்றாக எடுத்து உங்கள் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். அச்சம் கலக்காத எதிர்பார்ப்பு கிடையாது என்கிறார். தேர்வு முடிவுக்குக் காத்திருந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

இனி நிரூபணத்தில் இறங்கலாம். உண்மையான படிப்பு இதுதான், அவசரம் வேண்டாம். மூன்றாம் பாகத்தின் 6ஆம் தேற்றத்தை எடுங்கள்: ஒவ்வொன்றும் தன்னால் இயன்ற மட்டும் தன் இருப்பில் நிலைக்க முயல்கிறது. இதன் நிரூபணம் அதே பாகத்தின் 4, 5ஆம் தேற்றங்களையும் முதல் பாகத்தின் 34ஆம் தேற்றத்தையும், 25இன் கிளைத்தேற்றத்தையும் துணைக்கு அழைக்கிறது. அவற்றைப் புரட்டுங்கள், அவை சுட்டுகிறவற்றையும் தேடிப் போங்கள். எது எதைத் தாங்குகிறது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வரையுங்கள். இப்படிப் பின்னோக்கிப் போனால் முதல் பாகத்தின் 8 வரையறைகளுக்கு வந்து சேர்வீர்கள். அவை எதற்காக வைக்கப்பட்டன என்பது இப்போது தெரிந்திருக்கும். தொடக்கத்தைப் படிக்க இதுவே தக்க நேரம்.

நடுவில் சலிப்புத் தட்டினால் கடிதங்களுக்குப் போங்கள். பிளைன்பெர்க் என்ற தானிய வணிகர் 1664 டிசம்பரில் எழுதத் தொடங்கி, எல்லாவற்றுக்கும் கடவுளே காரணம் என்றால் தீமைக்கும் அவர்தானா என்று ஸ்பினோசாவை விடாமல் கேட்டார். உங்கள் மனத்தில் எழும் கேள்வியும் அதுவாகவே இருக்கும். எட்வின் கர்லியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் (1985) எதிக்ஸும் இக்கடிதங்களும் ஒரே தொகுதியில் கிடைக்கின்றன.

ஐந்தாம் பாகத்தில் 21ஆம் தேற்றம் முதல் மனத்தின் நித்தியத்தைப் பேசும் பகுதியில் அறிஞர்களே இன்னும் உடன்படவில்லை. முதல் வாசிப்பில் அதைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.