இருபது வயதில் புற்றுநோய், கூடவே கால் இழப்பு: தூத்துக்குடியில் அன்றாடத்தை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டியை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு கீமோவுக்கும் அடுத்த கீமோவுக்கும் நடுவில் வீட்டில் கிடக்கும் வாரங்களை யார் பார்ப்பது? எந்தக் கழிவறையில் உட்காருவது, செமஸ்டர் பரீட்சையை எப்படி எழுதுவது, சான்றிதழுக்கு எந்த வாசலில் நிற்பது, கல்யாண வீட்டில் "என்னப்பா இப்படி ஆயிட்ட?" என்று கேட்கும் சித்திக்கு என்ன சொல்வது? டிஸ்சார்ஜ் சீட்டில் இவை எதுவும் இருக்காது.

பதினாறு வயது முதல் முப்பது வரை உள்ளவர்களை மனதில் வைத்து, எலும்புப் புற்றுநோயை முன்னிறுத்தி இதை எழுதுகிறேன். ஆஸ்டியோசார்கோமா என்ற அந்த நோய் வளரும் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது, அதிலும் பெரும்பாலும் முழங்காலை ஒட்டி. பந்து விளையாடியபோது அடிபட்டது என்று தைலம் தேய்த்தே சில மாதங்கள் போய்விடும். ரத்தப் புற்றுநோய், மூளைக் கட்டி என்று வேறு வகை உள்ளவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

படி 1: ஃபைலை உங்கள் கைக்கு மாற்றுங்கள்

நம் ஊரில் டாக்டர் அப்பாவை வராண்டாவுக்குக் கூப்பிட்டுப் பேசுவார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து "ஒண்ணுமில்ல, சின்னக் கட்டி" என்பார். பாசம்தான், ஆனால் மாத்திரை விழுங்குவது நீங்கள். பதினெட்டு முடிந்திருந்தால் அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதலில் கையெழுத்திட வேண்டியவரும் நீங்கள்தான். அடுத்த முறை, "சார், எங்கிட்டயே சொல்லுங்க, அப்பாவும் கூட இருக்கட்டும்" என்று கேளுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். நோயின் முழுப்பெயர், எந்த நிலை, ரத்த வகை, ஒவ்வொரு கீமோவின் தேதி, மருந்தின் பெயர், அளவு. டாக்சோரூபிசின் ஏறியிருந்தால் அதன் மொத்த அளவைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது பல வருடம் கழித்தும் இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடிய மருந்து, எதிர்காலத்தில் எந்த டாக்டரும் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான். சிஸ்பிளாட்டின் என்றால் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வின்கிரிஸ்டின் ஏறி விரல்கள் மரத்துப்போனாலோ பாதம் தொங்கினாலோ மறைக்காமல் சொல்லுங்கள்.

முதல் கீமோவுக்கு முன்பே கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு: பின்னால் குழந்தை பிறக்க வாய்ப்பு குறையுமா என்பது. ஆண்களுக்கு விந்தணு சேமிப்பு ஓரிரு நாளில் முடிந்துவிடும். பெண்களுக்குக் கருமுட்டை சேமிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும், நோய் அதுவரை பொறுக்குமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அம்மா முன்னால் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நர்ஸம்மா கையில் கொடுங்கள்.

படி 2: எங்கே போவது, எதில் போவது

உள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஐம்பது கிலோமீட்டரில் திருநெல்வேலி, அதைத் தாண்டினால் மதுரை. பெரிய அறுவை என்றால் நம் பக்கத்துக்காரர்கள் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ, முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகிறார்கள். என் கருத்து: அறுவையும் சிகிச்சைத் திட்டமும் பெரிய மையத்தில் முடிவாகட்டும். ரத்தப் பரிசோதனையையும், முடிந்தால் சில கீமோக்களையும் வீட்டுக்கு அருகில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். மாதக்கணக்கில் வெளியூர் லாட்ஜில் தங்குவது குடும்பத்தை உடைத்துவிடும்.

பணத்துக்கு முதல் கதவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. கட்டணமில்லா எண் 1800 425 3993. அட்டை இல்லை என்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள்.

ரயிலில் புற்றுநோயாளிக்குச் சிகிச்சைப் பயணத்துக்கும் மறுபரிசோதனைப் பயணத்துக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனை கையெழுத்திட்ட சலுகைப் படிவத்தோடு முன்பதிவு கவுன்டரில் எடுக்க வேண்டும். சென்னை போகும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த் கேளுங்கள். ஊன்றுகோலோடு மிடில் பெர்த்தில் ஏறிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. ஊருக்குள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் 2021 முதல் டிக்கெட் கிடையாது.

படி 3: காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கீமோ முடிந்து ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் ஆகாது, நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறைந்து தொற்று உள்ளே வளரும். வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம். அவசரப் பிரிவில் நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "நான் கீமோ எடுத்துக்கிட்டிருக்கேன், காய்ச்சல் இருக்கு."

அந்த நாட்களில் சாலையோரம் வெட்டி வைத்த பழம், பதநீர், வண்டியில் கையால் தோண்டித் தரும் நுங்கு, ஐஸ் போட்ட சர்பத் வேண்டாம். மீனை நிறுத்தச் சொல்பவர்களை நம்பாதீர்கள். துறைமுகத்தில் அன்றன்று வரும் சாளையும் விளைமீனும் நன்றாகக் கொதித்த குழம்பாக இருந்தால் உங்களுக்கு வேண்டிய புரதம் அதில் இருக்கிறது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா உங்கள் அணுக்கள் இறங்கிய வாரத்தில் வந்தால், அந்த ஒரு வருடம் கூட்டத்துக்குள் போக வேண்டாம்.

படி 4: மிச்சமிருக்கும் காலைப் பழக்குவது

காலை வெட்டாமல் உள்ளே உலோக மூட்டு பொருத்திக் காப்பாற்றும் அறுவை இன்று பலருக்குச் செய்யப்படுகிறது. எல்லோருக்கும் முடியாது. துண்டித்துவிட்டார்கள் என்றால் முதல் வாரங்களில் செய்யும் சின்னத் தவறுகள்தான் பின்னால் நடையைக் கெடுக்கும்.

வெட்டிய தொடைக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் இடுப்பு மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு செயற்கைக்கால் நேராக நிற்காது. தையல் ஆறிய பின் டாக்டர் அனுமதித்தால் தினமும் சில முறை குப்புறப் படுங்கள். எலாஸ்டிக் கட்டை எட்டு வடிவில் சுற்றுவதைப் பிசியோதெரபிஸ்டிடம் நீங்களும் அம்மாவும் சேர்ந்தே கற்றுக்கொள்ளுங்கள். வட்டமாகச் சுற்றினால் ரத்தம் தடைபடும்.

கீமோ நடக்கும்போது எடை ஏறி இறங்கும், அதோடு அடிக்கட்டையின், அதாவது வெட்டியபின் மிஞ்சிய பகுதியின், சுற்றளவும் மாறும். செயற்கைக்காலில் அடிக்கட்டை நுழையும் சாக்கெட் போன மாதம் பொருந்தியிருந்தாலும் இந்த மாதம் கடிக்கும். அவசரப்பட்டு விலை உயர்ந்த காலை வாங்காமல், சிகிச்சை முடியும்வரை எளிய தற்காலிகக் காலோடு சமாளிப்பது நல்லது.

கடலோர ஊருக்கென்று சில சிரமங்கள் உண்டு. வியர்வை சாக்கெட்டுக்குள் தேங்கிக் கொப்புளம் வைக்கும். மதியம் ஒருமுறை கழற்றித் துடைத்து வேறு காலுறை மாற்றுங்கள். ஹார்பர் பீச் மணலிலும் உப்புத் தண்ணீரிலும் போய் வந்தால் இணைப்புகளை நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் துரு ஏறும். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்தால் அன்றே மாற்றுங்கள். மீன்பிடித் துறைமுகத்தின் ஈரத் தரையில் தேய்ந்த ரப்பரோடு நடப்பது இடுப்பை உடைத்துக்கொள்ளும் வழி. வீட்டில் செலவழிக்க முதல் இடம் கழிவறை: கமோடு நாற்காலி, சுவரில் ஒரு பிடிகம்பி, குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியே தீருவார்கள். பதினெட்டு வயதில் இதே நோயால் வலது காலை இழந்தவர். 1980-இல் செயற்கைக்காலோடு 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது, அடுத்த வருடம் இறந்தார். ஓடிய நாட்களில் அடிக்கட்டையில் புண்ணும் ரத்தமும் இருந்ததைச் சொல்பவர்கள் குறைவு. அவரை மதிக்கலாம், ஆனால் நீங்கள் ஓட வேண்டியதில்லை. பஸ் ஸ்டாப் வரை புண் இல்லாமல் நடந்து போய் வந்தால் போதும்.

படி 5: இல்லாத காலில் வலி

வெட்டிய பாதத்தில் அரிப்பு, விரல் முறுக்கிக்கொள்வது போன்ற வலி. இது மனப்பிரமை கிடையாது, துண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு வரும். நரம்பு வலிக்கென்று தனி மாத்திரைகள் உண்டு, கேளுங்கள். மாத்திரையில்லாத வழி ஒன்றை 1990-களில் வகுத்தவர் சென்னை ஸ்டான்லியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன். இரு கால்களுக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, அடிக்கட்டையை மறைத்து, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி பாதத்தை மெல்ல அசைப்பது. தினமும் பத்துப் பதினைந்து நிமிடம். எல்லோருக்கும் பலிப்பதில்லை. பீரோக் கண்ணாடி அளவில் ஒரு கண்ணாடிதான் செலவு என்பதால் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

நோய் வலிக்கு மார்ஃபின் எழுதினால் "பழகிப்போகும்" என்று வீட்டில் பயப்படுவார்கள். வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் எடுப்பவர் அடிமையாவது அரிது. நடந்து போக முடியாத நிலை என்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் வலி தணிப்புச் சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

படி 6: சான்றிதழ்

பலர் தடுக்கி விழும் இடம் இது. புற்றுநோய் இருப்பதால் மட்டும் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்காது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் புற்றுநோய் என்று ஒரு வகை இல்லை. நோயும் சிகிச்சையும் உடலில் விட்டுச்செல்லும் இழப்புதான் கணக்கில் வரும்: கால் போனது இயக்கக் குறைபாடு, சிஸ்பிளாட்டினில் காது போனது செவித்திறன் குறைபாடு, குரல்வளையை அகற்றியது பேச்சுக் குறைபாடு. ஆகவே விண்ணப்பத்தில் நோயின் பெயரோடு நிற்காமல் இழப்பையும் எழுத வேண்டும்.

ஆன்லைனில் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டு, அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு முன் போங்கள். அறுவைக் குறிப்பு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றின் நகலும் இருக்கட்டும். பெரும்பாலான சலுகைகளுக்கு வாசல் 40 சதவீதம். முழங்காலுக்கு மேல் துண்டித்தவர் அதைச் சுலபமாகத் தாண்டுவார். காலைக் காப்பாற்றிய அறுவைக்குப் பின் முழங்கால் மடங்காமல் நிற்பவர்தான் இழுபறிக்கு ஆளாவார். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசையில் பலம் எவ்வளவு என்று அளப்பார்கள். "பரவாயில்ல சார், சமாளிக்கிறேன்" என்று அங்கே வீரம் காட்டாதீர்கள். மாடிப்படி ஏற முடியாததையும் தரையில் உட்கார முடியாததையும் அப்படியே சொல்லுங்கள். மதிப்பீடு குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது.

அட்டை வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பதிந்து, உதவித்தொகை, உபகரணம், கல்வி உதவி மூன்றையும் ஒரே வருகையில் கேளுங்கள். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருப்பதும் தெரிந்திருக்கட்டும். கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் அது.

படி 7: படிப்பும் வேலையும்

வருகைப் பதிவு குறையும் முன்பே மருத்துவச் சான்றோடு கல்லூரி முதல்வரைப் பாருங்கள். குறைந்த பின் போனால் கெஞ்ச வேண்டியிருக்கும். பொதுத்தேர்வு என்றால் தலைமையாசிரியர் வழியாகக் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம். கை மரத்துப்போய் எழுத முடியவில்லை, ஆனால் 40 சதவீதச் சான்று இல்லை என்றாலும் வழி உண்டு. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது, 2022-இல் மத்திய அரசு அதற்கான விதிமுறைகளையும் வெளியிட்டது. உயர்கல்வியில் 5 சதவீதமும் அரசு வேலையில் 4 சதவீதமும் ஒதுக்கீடு இருக்கிறது.

உப்பளத்திலோ படகிலோ வேலை பார்த்த தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா என்று சிகிச்சை நடுவில் முடிவெடுக்காதீர்கள். உப்பு நீரில் நின்று செய்யும் வேலை அடிக்கட்டைக்கு ஆகாது. படகு எஞ்சின் பழுதுபார்ப்பு, வலை பின்னல், ஏலக் கணக்கு என்று கடலை விடாமலே கரையில் செய்யும் வேலைகள் இருக்கின்றன.

படி 8: ஊர் வாய்

"ஸ்டெர்லைட் புகையாலயா?" என்று கேட்பார்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போனதை மறக்காத ஊரில் அது நியாயமான கேள்வி. ஆனால் தனி ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று எந்தப் பரிசோதனையும் காட்டாது. அந்த விவாதத்தை ஊர் நடத்தட்டும், உங்கள் கீமோ தேதி அதற்காகத் தள்ளிப்போக வேண்டாம். முள்சீத்தாப் பொடி கொண்டுவரும் மாமாவிடம் நன்றி சொல்லி வாங்கி, டாக்டரிடம் காட்டும்வரை அலமாரியில் வையுங்கள். அது மனிதரிடம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நிரூபணம் இல்லை.

படி 9: மழைக்கு முன் ஒரு பை

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மூழ்கியது, ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது, சாலைகள் அறுந்தன. அந்த வாரம் கீமோ இருந்தவர்கள் எப்படிப் போயிருப்பார்கள் என்று யோசியுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இரண்டு வார மாத்திரை, ஃபைலின் நகல், யுடிஐடி, காப்பீட்டு அட்டை, தெர்மாமீட்டர், சாக்கெட் காலுறைகள் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால், தாழ்வான தெருவில் இருப்பவர்கள் தண்ணீர் ஏறும் முன்பே மேட்டிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஒற்றைக்காலோடு இடுப்பளவுத் தண்ணீரில் நடக்க முடியாது. அக்டோபர் பிறப்பதற்குள் பை தயாராக இருக்கட்டும்.