கடை வாசலில் எடுத்த படத்தை நம்பாதீர்கள்

அக்கா மகள் முதல் சம்பளத்தில் பழைய காம்பாக்ட் கேமரா ஒன்று வாங்கினாள். 20 மெகாபிக்சல், 8 மடங்கு ஜூம், உடம்பில் ஒரு கீறல் கிடையாது. மறுவாரம் ஒரு காதுகுத்துக்கு எடுத்துப்போனாள். மண்டபத்துக்குள் எடுத்த படங்களில் தாய்மாமன் மடியில் இருப்பது குழந்தையா தலையணையா என்று சொல்ல முடியவில்லை.

"கடையில நல்லா வந்துச்சே மாமா."

"எங்க நின்னு எடுத்துப் பாத்தே?"

"வாசல்ல."

நல்ல வெயிலில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். கடைக்காரருக்கு அது தெரியும். அதனால்தான் "வெளிய வந்து எடுத்துப் பாருங்க" என்கிறார். நீங்கள் உள்ளே போங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியது இரண்டு எண்கள். மெகாபிக்சலைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஏ4 அளவில் அச்சிடவே சுமார் 9 மெகாபிக்சல் போதும். கேனான் 2008-இல் பவர்ஷாட் ஜி10-ஐ 14.7 மெகாபிக்சலோடு விற்றது. அடுத்த ஆண்டே ஜி11-இல் அதை 10-ஆகக் குறைத்தது. மங்கலான வெளிச்சத்தில் படம் சுத்தமாக வர வேண்டுமே.

முதல் எண், சென்சார் அளவு. மலிவான காம்பாக்ட்களில் பெரும்பாலும் 1/2.3 அங்குலம் என்று போட்டிருக்கும். உண்மையில் அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்கு 4.5 மில்லிமீட்டர், சட்டைப் பித்தானைவிடச் சிறியது. 1 அங்குலம் என்று போட்டிருந்தால் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், அதாவது நான்கு மடங்கு பரப்பு. (அங்குலக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று கேட்காதீர்கள், பழைய வீடியோ கேமராக் குழாய்க் காலத்து வழக்கம் அது.) சோனி ஆர்எக்ஸ்100-இன் 2012 முதல் மாடல் இந்த அளவு. அவ்வளவு பணம் இல்லையா? 1/1.7 அங்குலத்தில் தேடுங்கள். 2009-இல் வந்த கேனான் எஸ்90 அந்த வகை. கையில் நல்ல போன் வைத்திருக்கிறவர் 1/2.3 வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது நிஜ ஜூமும் நிஜ ஃபிளாஷும்தான்.

இரண்டாவது எண், லென்ஸைச் சுற்றி அச்சிட்டிருக்கும் 1:1.8-4.9 மாதிரியான ஒன்று. அதில் 1.8-தான் முக்கியம். 3.3 என்று தொடங்கும் லென்ஸைவிட அது மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். ஜூம் 5 மடங்குக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நாலு அடி நடங்கள்.

மெமரி கார்டு: எஸ்டி போடுவதை மட்டும் வாங்குங்கள். பழைய ஒலிம்பஸ், ஃப்யூஜி கேமராக்கள் பலவற்றில் இருக்கும் எக்ஸ்டி கார்டு 2 ஜிபிக்கு மேல் வந்ததே இல்லை; இப்போது தேடி அலைய வேண்டும். 2006-க்கு முந்தைய எஸ்டி கேமராக்கள் பெரும்பாலும் 4 ஜிபி கார்டையே ஏற்காது.

இனி கடை. சொந்தக் கார்டு ஒன்றும், போனில் செருகும் கார்டு ரீடர் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

கேமராவைக் காதருகே வைத்து ஐந்து முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். லென்ஸ் வெளியே வரும்போது நறநற என்று சத்தம் கேட்டால் உள்ளே மணல். யாரோ கடற்கரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பேரம் பேசாமல் கீழே வைத்துவிடுங்கள். ஜூமைக் கடைசிவரை தள்ளித் திரும்பக் கொண்டுவாருங்கள். போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அது இன்னும் வளரும்.

அடுத்ததில் அவசரப்படாதீர்கள். கடையின் உள்சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தத் தாளை எடுங்கள். ஒரு முறை நடுவில் வைத்து, பிறகு படத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை. கார்டைப் போனில் போட்டுப் பெரிதாக்குங்கள். தேதி தெரிவது பெரிய விஷயமில்லை. ராகுகாலம், எமகண்டம் போட்டிருக்கும் பொடி எழுத்து படிக்க வருகிறதா? மற்ற மூன்று மூலைகளில் தெளிவாக இருந்து ஒரே ஒரு மூலையில் மட்டும் மசமசவென்றிருந்தால் கேமரா எங்கோ கீழே விழுந்திருக்கிறது, லென்ஸ் சாய்ந்திருக்கிறது. எல்லா இடத்திலும் எழுத்து கரைந்து போயிருந்தால் பழுது இல்லை. அந்தக் கேமராவின் தரமே அவ்வளவுதான். காதுகுத்துக்கும் அப்படித்தான் எடுக்கும்.

அப்படியே வெள்ளைச் சுவரையும் ஒரு படம். சாம்பல் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. இந்த வகையில் லென்ஸைக் கழற்ற முடியாது. பிரித்துத் துடைக்கக் கூலி கொடுக்க வேண்டும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மேசையில் வைத்துப் பாருங்கள். உப்பியிருந்தால் தட்டாமாலை சுற்றும். அந்த எண்ணுள்ள பேட்டரி இன்னும் விற்பனைக்கு வருகிறதா என்பதைப் பணம் எடுக்கும் முன் போனில் தேடிவிடுங்கள். ரிச்சி தெரு முழுக்க அலைந்து கிடைக்காமல் திரும்பிய அனுபவத்தில் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு குறுக்குவழி. தேதியும் நேரமும் சரியாக வைத்துவிட்டு, பேட்டரியை வெளியே எடுத்து மேசைமேல் போட்டுவிட்டு விலை பேசத் தொடங்குங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டால் தேதி நிற்க வேண்டும். அழிந்திருந்தால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி காலி, அல்லது நெடுநாள் சும்மா கிடந்து சார்ஜ் இறங்கியிருக்கிறது. படத்துக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. கடைக்காரரிடம் மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள். முகத்தைக் கொஞ்சம் சுளித்தால் இன்னொரு இருநூறு ரூபாய் குறையும்.