தையல் வீட்டின் துணிக் கணக்கு

(மாணவி, இரண்டாம் ஆண்டு இளமறிவியல், கணிதத் துறை)

முன்னுரை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது பழமொழி. அந்த ஆடையில் பாதி நெய்தவர் உழைப்பு என்றால் மறுபாதி தைத்தவர் உழைப்பு எனலாம். நம் ரிஷிவந்தியம் வட்டாரத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் வழியாக ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் பள்ளிச் சீருடைகளைத் தைத்துத் தருகிறார்கள். இவ்வாறு தையலால் பிழைக்கும் குடும்பங்கள் பல. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர்; வெட்டு இல்லாத மாதங்களில் வீட்டை நடத்துவது அம்மாவின் மெஷின்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவள் நான். அதற்கான கட்டணமும் அந்த மெஷினிலிருந்தே வந்தது.

தைப்பதைப் பற்றிப் புத்தகங்கள் பல உள்ளன. தைக்க வந்த துணியையும் தைத்து மிஞ்சிய துணியையும் எப்படி அடுக்குவது, எப்படிக் கணக்கு வைப்பது என்பதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அது சிறிய செய்தியன்று என்பதை நான் ஒரு பிழையின் மூலம் அறிந்தேன். அதையும் அதன்பின் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

மூன்று வகைத் துணிகள்

வீட்டில் தைப்பவரிடம் சேரும் துணி மூன்று வகைப்படும். முதலாவது பிறர் துணி. அது தைக்கக் கொடுத்தவருக்குச் சொந்தம். நாம் அதற்குக் காவலர் மட்டுமே. இரண்டாவது கைச்சரக்கு. லைனிங் துணி, பாவாடைத் துணி, ஃபால்ஸ், கட் பீஸ் ஆகியவை இதில் அடங்கும். இது நாம் போட்ட முதல். மூன்றாவது பிட்டுத் துணி, அதாவது வெட்டியபின் மிஞ்சியவை. கழுத்துப் பட்டிக்கும் கைமுனை ஒட்டுக்கும் குழந்தைச் சட்டைக்கும் கால்மிதிக்கும் இவை உதவும்.

இம்மூன்றும் ஒரே டிரங்குப் பெட்டியிலும் ஒரே கட்டைப்பையிலும் கலந்து கிடக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

நடந்த பிழை

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆண்டு, தை மாத முகூர்த்த நேரம். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் ஒரு மீட்டர் பச்சைப் பட்டுத் துணியை ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தார். அது காலமான அவருடைய தாயாரின் புடவையோடு வந்து, வெட்டப்படாமலே பல ஆண்டுகள் பெட்டியில் இருந்த துணி. அதே வாரத்தில் ஒரு சிறுமியின் பாவாடைச் சட்டைக்காக வேறொரு பச்சைத் துணியும் வந்தது. அன்று மாலை துணிகளை மடித்து வைத்தவள் நான். பச்சையோடு பச்சை என்று இரண்டையும் ஒரே பையில் வைத்துவிட்டேன். இரவு விளக்கு வெளிச்சத்தில் அம்மா பெரியவரின் துணியைச் சிறுமியின் அளவுக்கு வெட்டிவிட்டார்கள்.

காலையில் வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது ஒன்று மாம்பச்சை, மற்றது மயில்பச்சை. விளக்கில் ஒன்றாகத் தெரிந்த நிறங்கள் வெயிலில் வேறாகத் தெரிந்தன. விளக்கொளியின் நிறமாலை வேறு, சூரிய ஒளியின் நிறமாலை வேறு என்பதால் இப்படி நேர்கிறது என்று இப்போது அறிவேன். அன்று அறிந்திருந்தாலும் வெட்டிய துணி ஒட்டியிருக்காது. அம்மா பணம் கொடுக்கப் போனார்கள். அந்த அக்கா வாங்கவில்லை, திட்டவும் இல்லை. "எங்கம்மா துணிக்கு என்னக்கா விலை போடுறது?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் முதல் முயற்சி

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டு விடுமுறையில் இதைச் சீர்செய்ய முனைந்தேன். வீட்டிலிருந்த துணி முழுவதையும் வெளியே கொட்டி அளந்தேன். ஒரே வெள்ளை லைனிங் துணி மூன்று இடங்களில், மொத்தம் 11½ மீட்டர் கிடந்தது! இருப்பது தெரியாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கியிருக்கிறோம். என் தேர்வுக் கட்டணத்துக்கு அம்மா கைமாற்று வாங்கிய மாதத்திலும் பெட்டிக்குள் பணம் துணியாக மடிந்து கிடந்திருக்கிறது.

நான் ஒரு பெரிய நோட்டில் கட்டம் போட்டு, வரிசை எண், துணியின் பெயர், நிறம், நீளம், அகலம் என்று எழுதினேன். கைப்பேசியில் படமும் எடுத்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டே வாரத்தில் நோட்டு ஒருபுறம், துணி ஒருபுறம் ஆயிற்று. "கரும்பச்சை" என்று நான் எழுதியதை அம்மா "பாசிப்பச்சை" என்பார்கள். படத்தில் நிறம் மாறித் தெரிந்தது. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள். எண்கள் நன்றாகத் தெரியும், டேப்பைப் பார்த்தவுடன் அளவு சொல்வார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். "எழுதுனத படிச்சிக்கிட்டு எப்பத் தைக்கிறது? துணியக் காட்டு, சொல்றேன்" என்றார்கள். அந்தச் சொல்லில் ஒரு பாடம் இருப்பது எனக்குப் பிறகே விளங்கிற்று.

சலவைத் தொழிலாளர் காட்டிய வழி

நூறு வீட்டுத் துணியை ஒரே துறையில் வெளுத்து, ஒன்றும் மாறாமல் அந்தந்த வீட்டில் சேர்த்தவர்கள் நம் சலவைத் தொழிலாளர்கள். அவர்கள் எந்த ஏட்டையும் வைத்துக்கொண்டதில்லை. சேங்கொட்டையின் சாற்றால் துணியின் ஓரத்தில் புள்ளியும் கோடுமாக வீட்டுக்கு ஒரு குறி இட்டார்கள். சுண்ணாம்பு சேர்ந்தால் அந்தக் கருமை நன்கு பற்றிக்கொள்ளும், வெளுத்தாலும் போகாது. சாறு தோலில் பட்டால் கொப்புளிக்கும் என்பதால் கவனமாகவே கையாண்டார்கள். ஆங்கிலேயரும் இக்கொட்டைக்குக் 'குறியிடும் கொட்டை' என்ற பொருளிலேயே பெயரிட்டனர். கணக்கு வேறிடத்தில் இல்லாமல் துணியிலேயே இருந்தது. அதைப் படிக்க எழுத்தறிவு வேண்டியதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு.

நூலகத் தந்தை காட்டிய வழி

இரண்டாவது வழியை நம் கல்லூரி நூலகத்தில் கண்டேன். 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், என் பாடமாகிய கணிதத்தைக் கற்பித்த ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும் 1933-இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். இலண்டனில் ஒரு கடையில், சிறு துண்டுகளைத் திருகாணியால் பூட்டிப் பல உருவங்கள் செய்யும் விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது இம்முறை அவருக்குத் தோன்றியது என்பர். ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல், ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகங்களால் குறிக்க வேண்டும் என்பது அவர் கண்ட நெறி.

இதைத் துணிக்குப் பொருத்திப் பார்த்தேன். வியப்பு! அப்படியே பொருந்துகிறது. யாருடையது? என்ன இனம்? அதில் என்ன தைக்க வேண்டும்? எந்தப் பையில் இருக்கிறது? என்று தர வேண்டும்? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை இருந்தால் எந்தத் துணியும் தொலையாது. அந்தப் பச்சைத் துணியைப் பற்றி நிறம் ஒன்றைத் தவிர வேறெதையும் நான் கேட்கவில்லை.

ஒட்டு நோட்டு

இவ்விரு வழிகளையும் சேர்த்து, அம்மாவும் நானும் செய்துகொண்டது ஒட்டு நோட்டு. கடைத் தையற்காரர்கள் ரசீதில் துணித் துண்டு ஒன்றைக் குத்தி வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதையே விரிவாக்கினோம்.

1. துணி வீட்டுக்குள் வந்த உடனே தபால்தலை அளவுக்கு ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து நோட்டில் சேர்க்க வேண்டும். பிறர் துணியானால் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். துணி பற்றாக்குறையாக இருந்தால் ஓரத்தில் தொங்கும் நூல் இரண்டு இழை போதும்.

2. குண்டூசியால் குத்தக் கூடாது. மழைக்காலத்து ஈரத்தில் ஊசி துருப்பிடித்துக் கறை ஏறும். நூலால் இரண்டு தையல் போட வேண்டும்.

3. பைகளின் கைப்பிடியில் சிவப்பு நூலால் ஒன்று, இரண்டு, மூன்று எனத் தையல் குறி இட வேண்டும். நோட்டில் துண்டின் பக்கத்திலும் அதே எண்ணிக்கையில் குறி இட வேண்டும். பிறர் துணிப் பைக்குச் சிவப்பு, கைச்சரக்குப் பைக்கு நீலம் என்று நூலின் நிறத்தை மாற்றினால் இரண்டும் கலக்கா.

4. நீளம், அகலம், தர வேண்டிய தேதி மூன்றையும் எண்ணால் எழுத வேண்டும்.

5. வெட்டுமுன் துணியையும் நோட்டுத் துண்டையும் பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். தைத்துக் கொடுத்தபின் துண்டின் மேல் குறுக்காக ஒரு தையல் போட வேண்டும்.

அளவும் கணக்கும்

நம் நாட்டில் மீட்டர் முறைக்கு 1956-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. எனினும் கடையில் துணி மீட்டரிலும், வீட்டில் உடல் அளவு அங்குலத்திலும் நடக்கிறது. ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்பதை நினைவிற்கொண்டால் குழப்பமில்லை.

துணியின் அகலத்தைப் 'பன்னா' என்பார்கள். 44 அங்குலப் பன்னாவில் 2 மீட்டர் தேவைப்படும் இடத்தில் 36 அங்குலப் பன்னா இருந்தால், 2 × 44 ÷ 36, அதாவது ஏறத்தாழ 2.44 மீட்டர் வேண்டும். ஆனால் பரப்பளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. 4 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பிட்டின் பரப்பு 0.4 சதுர மீட்டர். ஆனால் அதில் பெரியவருக்கு ஒரு கைகூட வெட்ட முடியாது. எனவே பிட்டுத் துணிக்கு அதன் மிகக் குறுகிய அகலத்தை எழுதுவதே முறை. கழுத்துக்குக் கிராஸ் பட்டி வெட்ட 45 பாகைச் சாய்வு வேண்டும். 10 அங்குலச் சதுரப் பிட்டின் மூலைவிட்டம் ஏறத்தாழ 14 அங்குலம். கழுத்துச் சுற்று அதைவிடப் பெரிதானால் பட்டியை ஒட்டுப்போட வேண்டும் என்பதை வெட்டாமலே அறியலாம்.

கரை போய்விட்ட பிட்டில் பாவு எது, ஊடை எது என்று தெரியாது. இழுத்துப் பார்த்தால் பாவுப் பக்கம் பெரும்பாலும் குறைவாகவே இளகும். தெரிந்தவுடன் சாக்கால் ஓர் அம்புக்குறி இட்டுவிட வேண்டும். பருத்தி நனைந்தால் சுருங்கும். 50 சென்டிமீட்டருக்கு அடையாளமிட்டு நனைத்து உலர்த்தியபின் 48 இருந்தால் சுருக்கம் நூற்றுக்கு 4. நனைத்த லைனிங்கையும் நனைக்காததையும் தனித்தனியே வைக்காவிட்டால் முதல் சலவையிலேயே ஜாக்கெட் இழுத்துக்கொள்ளும்.

இனம் அறிதலும் காப்பும்

எந்த இனம் என்று தெரியாத பிட்டிலிருந்து இரண்டு இழை உருவி, தண்ணீர்த் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்து எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிந்த வாடை வீசிச் சாம்பலாகும். பட்டு, மயிர் பொசுங்கும் வாடை வீசி, நசுக்கினால் பொடியாகும் கரியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். இஸ்திரிச் சூட்டை முடிவு செய்ய இந்த அறிவு பெரிதும் உதவும்.

துணியை நன்கு உலர்த்தியே மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் நெடுநாள் வைத்தால் மடிப்புக் கோட்டில் நைந்துபோகும். ஆகவே அவ்வப்போது மாற்றி மடிக்க வேண்டும். சரிகைத் துணியை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுவது நல்லது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கறுக்கும் என்பதை வேதியியல் படிக்கும் நண்பர்கள் அறிவர்.

முடிவுரை

மேலைநாடுகளில் பொழுதுபோக்காகத் தைப்பவர்களும் அளவுக்கு மீறித் துணி சேர்த்துவிட்டு அதை அடுக்கத் திணறுகிறார்கள். அவர்களுக்கு அது ஆசையால் வரும் சிக்கல். நமக்கோ அது பிழைப்பும் நாணயமும் சேர்ந்த செய்தி. ஒட்டு நோட்டு வந்தபின் லைனிங்கை இருமுறை வாங்குவது நின்றது. துணி மாறியதும் இல்லை. படித்தவள் என்று நான் போட்ட கட்டத்தை விட, படிக்காத அம்மா கேட்ட "துணியக் காட்டு" என்ற ஒரு சொல்லே இந்த நோட்டுக்கு அடிப்படையாயிற்று. கணக்கு என்பது அதை வைப்பவர் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும் என்பதே நான் கற்ற பாடம்.

அந்த அக்கா இன்னும் எங்கள் வீட்டுக்குத் தைக்கக் கொடுப்பதில்லை. தெருவில் பார்த்தால் "நல்லாப் படி" என்பார். எங்கள் ஒட்டு நோட்டின் முதல் பக்கத்தில் மயில்பச்சைப் பட்டுத் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் மேல் இன்றுவரை குறுக்குத் தையல் போடவில்லை. மிஞ்சிய துணியை நனையாமல், கசங்காமல் தனியே வைத்திருக்கிறோம். என்றேனும் அவர் கேட்டால் எடுத்துக் கொடுக்க, எந்தப் பையில் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.